ஒரே வயிற்றில் இரண்டு ஆபத்துகள்

1760ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள். லண்டன் மாநகரில் கென்சிங்டன் அரண்மனை. மன்னர் இரண்டாம் ஜார்ஜ் வழக்கம்போல் காலையில் எழுந்து, சாக்லேட் பானம் அருந்திவிட்டு, மலங்கழிக்கச் சென்றார். சற்று நேரத்தில் உள்ளே ஏதோ விழும் ஓசை கேட்டது. பணியாள் ஓடிச் சென்று பார்த்தபோது மன்னர் தரையில் கிடந்தார். அவருக்கு வயது 76. உயிர் பிரிந்துவிட்டது.

அரண்மனை மருத்துவர் பிராங்க் நிக்கல்ஸ் உடலை அறுத்துப் பார்த்தார். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் உறைந்து கிடந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்புறத்தில், குறுக்காக, ஒன்றரை அங்குல நீளத்துக்கு ஒரு கிழிசல். அக்கிழிசலின் வழியே இரத்தம் தமனிச் சுவருக்குள்ளேயே புகுந்து சுவரைப் பிரித்திருந்தது. தாம் கண்டதை நிக்கல்ஸ் மறைக்காமல் எழுதி வெளியிட்டார். ஒரு மன்னரின் சாவு மருத்துவ நூல்களில் ஒரு நோயின் முதல் தெளிவான பதிவாக இடம்பெற்றது இப்படித்தான்.

பெருந்தமனி நம் உடலிலுள்ள இரத்தக் குழாய்கள் அனைத்திலும் பெரியது. இதயத்தின் இடக் கீழறையிலிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டு, கைத்தடியின் பிடியைப்போல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் வருகின்றது. கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் செல்கின்றது. போகும் வழியில் ஈரல், இரைப்பை, குடல்கள், சிறுநீரகங்கள் எல்லாவற்றுக்கும் கிளைகளைக் கொடுக்கின்றது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இக்குழாயில் பாய்கின்றது.

இதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள்துணி வைத்துத் தைத்த கோட்டை அணியும்போது, உள்துணி ஓரிடத்தில் கிழிந்திருந்தால் என்ன ஆகும்? கை சட்டென்று உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவே நுழைந்துவிடும். தள்ளத் தள்ளத் தையல் பிரிந்துகொண்டே போகும். தமனியின் உள்ளடுக்கு கிழிந்தாலும் அதே கதைதான். ஒவ்வொரு நாடித் துடிப்பும் ஒரு தள்ளு. சில நிமிடங்களில் மார்பிலிருந்து தொடைவரைகூடச் சுவர் இரண்டாகப் பிளந்துவிடலாம். இப்போது ஒரே தமனியில் இரண்டு பாதைகள்: இரத்தம் போகவேண்டிய மெய்வழி ஒன்று, சுவருக்குள் புதிதாக உண்டான பொய்வழி ஒன்று. இந்த நோய்க்குத் தமனிப் பிளவு என்று பெயர் கொள்வோம். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819இல் இதற்கு 'பிளந்து செல்லும் புடைப்பு' என்ற பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் ஒரு குழப்பத்தையும் உண்டாக்கிவிட்டது. புடைப்பு வேறு, பிளவு வேறு. சுவர் நைந்துபோய் முழுச்சுவரும் பலூன்போல உப்புவது புடைப்பு. அடுக்குகள் பிரிவது பிளவு. புடைப்பில்லாத தமனியிலும் பிளவு வரும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பெரும்பாலான பிளவுகள் மார்புப் பகுதியில் தொடங்கிக் கீழே இறங்குபவை. வயிற்றுப் பகுதியிலேயே தொடங்கி அங்கேயே நிற்பவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. புடைப்போ பெரும்பாலும் வயிற்றில்தான் வருகின்றது. எதுவானாலும் வயிற்றுக்குள் பெருந்தமனி கெட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இந்த இரண்டாவது ஆபத்தை என்ன செய்வது என்ற கேள்வியோடு அறுவை மருத்துவர்கள் பல தலைமுறைகளாகப் போராடி வந்திருக்கிறார்கள்.

கட்டுப்போடும் காலம்

தமனியில் கோளாறு என்றால் அதைக் கயிற்றால் கட்டிவிடுவது பழைய முறை. ஜான் ஹண்டர் 1785இல் முழங்காலின் பின்புறப் புடைப்புக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டி ஒரு வண்டியோட்டியின் காலைக் காப்பாற்றினார். சிறு கிளைத் தமனிகள் விரிந்து இரத்தத்தைச் சுற்றுவழியில் கொண்டுசேர்க்கும் என்பது அவர் கண்ட உண்மை. அவருடைய மாணவர் ஆஸ்ட்லி கூப்பர் 1817இல் லண்டனில் அதைவிடத் துணிந்த காரியம் செய்தார். இடுப்புத் தமனியின் புடைப்பு உடைந்து இரத்தம் கொட்டிய ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்து, பெருந்தமனியையே கட்டினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. கிருமிகளைப் பற்றி எவருக்கும் தெரியாது. நோயாளி சுமார் 40 மணி நேரம் உயிரோடிருந்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் எத்தனையோ பேர் முயன்றும் வெற்றி கிட்டவில்லை. 1923இல்தான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ருடால்ஃப் மாட்டாஸ் பெருந்தமனியைக் கட்டிய நோயாளி பிழைத்தெழுந்தார். ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, பின்னர் காசநோயால் மாண்டார்.

இதற்கிடையில் பிரான்சில் வேறொரு வழி திறந்திருந்தது. 1894இல் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றிலுள்ள பெரிய சிரை அறுந்து இறந்தார். அறுந்த இரத்தக் குழாயைத் தைக்க எவருக்கும் தெரியவில்லை. அப்போது அந்நகரில் இளைஞராயிருந்த அலெக்சிஸ் காரல் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார். பூத்தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் சென்று மெல்லிய ஊசியும் நூலும் பிடிக்கப் பழகினார். வட்டமான குழாய் வாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தைக்கும் அவருடைய முறை இன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் பிளந்த தமனியைத் தைப்பது அறுந்த தமனியைத் தைப்பதுபோல் அன்று. பிளந்த சுவர் நனைந்த காகிதம்போல் இருக்கும். தையல் நூல் அதை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சாளரம் திறந்தவர்

பிளவினால் விளையும் இரண்டாவது ஆபத்து என்ன? பொய்வழி இரத்தத்தால் உப்பும்போது மெய்வழி நசுங்குகின்றது. அதிலிருந்து கிளைக்கும் தமனிகளின் வாய்கள் அடைபடுகின்றன. காலுக்குப் போகும் கிளை அடைபட்டால் கால் சில்லிட்டு வெளுக்கும். சிறுநீரகக் கிளை அடைபட்டால் சிறுநீர் நின்றுபோகும். குடலுக்குப் போகும் கிளை அடைபட்டால் அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. இரத்தமின்றிக் குடல் தாங்கக்கூடியது ஏறத்தாழ ஆறு மணி நேரம். அதற்குமேல் அழுகத் தொடங்கும். தொடக்கத்தில் நோயாளி வலியால் துடிப்பார். வயிற்றை அமுக்கிப் பார்த்தால் மெத்தென்றிருக்கும். வயிறு கல்லாக இறுகும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

1935இல் நியூயார்க்கில் டேவிட் குரின் என்ற மருத்துவரிடம் இத்தகைய நோயாளி ஒருவர் வந்தார். பிளவு இடுப்புத் தமனிவரை இறங்கி, ஒரு காலில் நாடி நின்றுவிட்டிருந்தது. குரின் இடுப்புத் தமனியைத் திறந்தார். இரு வழிகளுக்கும் நடுவே தடுப்பாக நின்ற உட்சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். பொய்வழியில் தேங்கிய இரத்தம் மெய்வழிக்குத் திரும்பியது. காலில் நாடி துடித்தது! சுவரில் சாளரம் திறப்பது போன்ற இந்தச் செயல்தான் தமனிப் பிளவுக்குச் செய்யப்பட்ட முதல் அறுவை சிகிச்சை. நோயாளி பிழைக்கவில்லை. சிறுநீரகங்கள் முன்பே கெட்டுவிட்டிருந்தபடியால் சில நாள்களில் இறந்தார். கால் பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை என்று இதை ஏளனமாகச் சொல்வோர் உண்டு. அது நியாயமன்று என்பேன். நோயின் மூலத்தை அகற்ற முடியாதபோது, அதன் விளைவையாவது அகற்றலாம் என்று காட்டியவர் குரின். இன்று தொடையில் ஊசித் துளையிட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அதே சாளரத்தைத் திறக்கிறார்கள்.

ஐன்ஸ்டைனின் பித்தப்பை

இரண்டாவது ஆபத்து சில வேளைகளில் பொய்யாகவும் இருக்கும். இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

பல ஆண்டுகளாக அவருக்கு மேல்வயிற்றில் அவ்வப்போது வலி வந்து போயிற்று. பித்தப்பைக் கோளாறாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள மருத்துவமனையில் ருடால்ஃப் நிசன் அவர் வயிற்றைத் திறந்தார். நிசனும் ஐன்ஸ்டைனைப்போல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். வயிற்றுப் பெருந்தமனியில் பம்பளிமாசு அளவுக்கு ஒரு புடைப்பு! அதை வெட்டியெடுத்து வேறு குழாய் பொருத்தும் முறை அன்று இல்லை. நிசன் செலோபேன் தாளை எடுத்துப் புடைப்பின்மேல் சுற்றினார். அந்நியப் பொருள் பட்டால் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும். அத்தழும்பு சுவரைத் தாங்கும் என்பது கணக்கு. கடையில் மிட்டாய்ப் பெட்டியைச் சுற்றித் தரும் தாள் அந்த மாமேதைக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயுளைக் கொடுத்தது.

1955 ஏப்ரலில் வலி திரும்பிற்று. வலப்பக்க மேல்வயிற்றில் வலி, வாந்தி. எல்லாம் பித்தப்பை அழற்சியின் அடையாளங்கள். உண்மையில் புடைப்பு கசியத் தொடங்கியிருந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த அறுவை மருத்துவர் பிராங்க் கிளென் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். ஐன்ஸ்டைன் மறுத்தார். செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் தமக்கு விருப்பமில்லை, போகவேண்டிய நேரத்தில் போகிறேன் என்பது அவர் பதிலின் சாரம். ஏப்ரல் 18 அதிகாலையில் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் இறந்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னரைப்போல் அவருக்கும் வயது 76. பெருந்தமனிப் புடைப்பு உடைந்தது பித்தப்பை அழற்சிபோல் தோன்றுவதை ஐன்ஸ்டைன் குறி என்று மருத்துவர்கள் பின்னர் அழைக்கலாயினர்.

இந்த வேடம் ஆபத்தானது. தமனிப் பிளவு சிறுநீரகக் கல்போல் வலிக்கும், குடல்வால் அழற்சிபோல் வலிக்கும், மாரடைப்புபோலவும் வலிக்கும். மாரடைப்பு என்று எண்ணி இரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால், பிளந்த தமனி உள்ளவருக்கு அது எமனாகிவிடும். சி.டி. ஸ்கேன் 1970களில் புழக்கத்துக்கு வரும்வரை மருத்துவர்கள் விரல் நுனியையும் அனுபவத்தையும் தமனிக்குள் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே படத்தையுமே நம்பியிருந்தார்கள்.

துணிக் குழாயும் சீழும்

ஐன்ஸ்டைனுக்குச் செலோபேன் சுற்றி மூன்றாண்டுகூட ஆகவில்லை. 1951 மார்ச் 29 அன்று பாரிஸ் நகரில் ஷார்ல் டுபோ வயிற்றுப் பெருந்தமனியின் புடைப்பை வெட்டியெடுத்துவிட்டு, இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் தமனித் துண்டை அவ்விடத்தில் தைத்தார். நோயாளி பிழைத்தார். ஆயினும் வேண்டும்போதெல்லாம் பிணத்தின் தமனி கிடைக்குமா? அமெரிக்காவில் ஆர்தர் வூரீஸ் என்ற இளம் மருத்துவர், நாயின் இதயத்தில் தாம் விட்டுவைத்த பட்டு நூலின்மேல் சில மாதங்களில் வழவழப்பான உறை படர்ந்திருந்ததைக் கவனித்தார். அப்படியானால் துணியையே குழாயாகத் தைத்தால் என்ன? பாரசூட் செய்ய நெய்த வின்யான் துணியில் குழாய் தைத்து நாய்களுக்குப் பொருத்தி, 1952இல் முடிவுகளை வெளியிட்டார்.

ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி இதே எண்ணத்தோடு ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போய் நைலான் துணி கேட்டார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்ற புதுத் துணிதான் இருக்கிறது என்றார்கள். அதை வாங்கிவந்து வீட்டுத் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். சிறுவயதில் தாயிடம் தையல் கற்றவர் அவர். நைலான் உடலுக்குள் நாளடைவில் வலுவிழப்பது பின்னர் தெரியவந்தது. டேக்ரான் நிலைத்துவிட்டது. கடையில் சரக்கு தீர்ந்ததும் ஒரு நல்வாய்ப்புதான்! 1954இல் டிபேக்கி தமனிப் பிளவுக்கும் அறுவை சிகிச்சை செய்து வெற்றி கண்டார். பிளவு தொடங்கும் இடத்தையும் பரவும் அளவையும் வைத்து அவரும் குழுவினரும் 1965இல் அதை மூன்று வகையாகப் பிரித்தனர். 1970இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அதையும் சுருக்கி, இதயத்தை ஒட்டிய பகுதி பிளந்தால் 'ஏ', பிளக்காவிட்டால் 'பி' என்று இரண்டே வகையாக்கினர். 'ஏ' என்றால் உடனே கத்தி. ஏனெனில் தொடக்கத்தில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவர் என்ற கணக்கில் சாவு நிகழும். 'பி' என்றால் முதலில் மருந்து.

துணிக் குழாய் வந்ததும் ஒரு புதிய சங்கடம் முளைத்தது. சொந்தத் திசுவில் கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் இரத்தத்தோடு வந்து போராடும். துணியின் இழைகளுக்குள் இரத்த ஓட்டம் ஏது? அங்கே ஒளிந்த கிருமியை மருந்தாலும் எளிதில் விரட்ட முடியாது. சீழ் பிடித்த குழாயின் தையல் ஒருநாள் விட்டுப்போகும். நோயாளி சில நிமிடங்களில் இரத்தம் கக்கி இறப்பார். இப்போது நினைத்துப் பாருங்கள். வெடிக்கவிருக்கும் தமனிக்காக வயிற்றைத் திறந்த மருத்துவர், பக்கத்திலேயே சீழ் கோத்த பித்தப்பையையோ அழுகிய குடலையோ காண்கிறார். தமனியை மாற்றினால் துணியில் சீழ் பிடிக்கும். குடலை மட்டும் வெட்டித் தைத்து மூடினால் தமனி அடுத்த வாரமே வெடிக்கக்கூடும்.

எது முந்திக் கொல்லுமோ அதை முதலில் கவனி என்பதுதான் பொது விதியாக உருவாயிற்று. சொல்வது எளிது. பித்தப்பையில் கல் மட்டும் இருந்து அழற்சி இல்லாவிட்டால்? இதுபற்றி 1970, 80களில் பெரிய வாதமே நடந்தது. கல்லை விட்டுவைத்தால் தமனி அறுவைக்குப்பின் சோர்ந்த உடலில் பித்தப்பை பழுத்துவிடும் என்றது ஒரு கட்சி. பித்தநீர் ஒரு சொட்டுச் சிந்தினாலும் துணிக் குழாய் கெடும் என்றது மறு கட்சி. இடைவழியாகச் சிலர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தனர்: முதலில் தமனியை மாற்றி, துணிக்குமேல் வயிற்று உட்சவ்வை இழுத்து நன்றாக மூடித் தைத்துவிட்டு, அதன்பிறகே பித்தப்பையில் கைவைப்பது. நம் வீடுகளில் பூசைப் பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டு எச்சில் பாத்திரத்துக்குப் போவதைப் போன்ற முறைமை இது.

வயிறு முழுதும் சீழ் என்றால் அங்கே துணி வைக்கவே இடமில்லை. 1960களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவின் வில்லியம் பிளேஸ்டெல் போன்றோர் இதற்கு உதவும் வழி ஒன்றைக் கண்டனர். அக்குள் தமனியிலிருந்து தொடைத் தமனிவரை, விலாப்பக்கம் தோலுக்கு அடியிலேயே ஒரு நீண்ட குழாயைப் பதித்துவிடுவது. இரத்தம் வயிற்றைத் தொடாமலே கால்களுக்குப் போய்ச் சேரும். வெள்ளத்தில் பாலம் இடிந்தால் பேருந்தைச் சுற்றுப்பாதையில் விடுகிறோமே, அதுபோல.

குடல் பட்டினி கிடப்பது தமனிப் பிளவினாலேயே என்றால் வரிசை இன்னும் தெளிவு. முதலில் இரத்த ஓட்டத்தைத் திறக்கவேண்டும். பிறகுதான் குடலைப் பார்க்கவேண்டும். கறுத்துக் கிடந்த குடல் சில நிமிடங்களில் சிவந்து அசையத் தொடங்கினால் அது பிழைத்தது. அசையாத பகுதியை வெட்டவேண்டும். ஐயத்துக்கிடமான பகுதி இருந்தால் ஒரு நாளோ இரு நாளோ கழித்து வயிற்றை மறுபடி திறந்து பார்ப்பதும் உண்டு.

வான்கோழியும் சர்ப்பகந்தாவும்

கத்தியின்றியும் பிளவை அடக்கலாம் என்று காட்டியவர் ஃபுளோரிடாவின் மைரன் வீட் என்ற அறுவை மருத்துவர். அமெரிக்கப் பண்ணைகளில் கொழுத்த வான்கோழிகள் பெருந்தமனி கிழிந்து திடீர் திடீரென்று செத்து விழுந்தன. தீவனத்தில் ரெசர்பின் என்ற மருந்தைச் சிறிது கலந்தபோது சாவு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பின் உதைப்பையும் தணித்தால் பிளவு மேலும் பரவாது என்று வீட் கணித்து, 1965இல் மனிதர்களுக்கும் அதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். ரெசர்பின் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1949இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஆங்கிலேய மருத்துவ இதழில் எழுதி உலகின் கவனத்தைத் திருப்பியிருந்தார். இன்று ரெசர்பினுக்குப் பதில் வேறு மருந்துகள் வந்துவிட்டன. கொள்கை மாறவில்லை.

அடுத்த பெரிய மாற்றம் கத்தியின் பாதையையே மாற்றியது. கார்கிவ் நகரில் நிகொலாய் வொலொதோஸ் 1987இல், தொடைத் தமனி வழியே மடக்கிய குழாயைச் செலுத்தி மார்புப் பெருந்தமனிக்குள் விரித்தார். ரஷ்ய மொழியில் எழுதியதால் மேலை நாடுகள் நெடுநாள் அறியவில்லை. 1990இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வயிற்றுப் புடைப்புக்கு அதையே செய்தார். 1999இல் தமனிப் பிளவுக்கும் இம்முறை வந்தது. உட்கிழிசலின் வாயை உள்ளிருந்தே குழாய் அடைத்துவிடும். பொய்வழி சுருங்கி, மெய்வழி விரியும். வயிற்றைத் திறக்காமலே தமனி சரியாவதால், பழுத்த பித்தப்பையையோ குடல்வாலையோ தனியே எடுத்துவிடலாம். துணிக் குழாய் தமனிக்குள் இருக்கின்றது, சீழ் வெளியே இருக்கின்றது. ஆனாலும் இரத்தத்தில் கிருமி ஓடினால் குழாயைப் பற்றக்கூடும் என்ற அச்சம் முற்றும் நீங்கியதாகச் சொல்ல முடியாது.

டிபேக்கியின் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கின்றது. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதான டிபேக்கி வீட்டில் தனியாக அமர்ந்திருந்தபோது மார்பைக் கிழிப்பதுபோல் வலி வந்தது. தம் பெருந்தமனி பிளந்துவிட்டதோ என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. பரிசோதனைகள் அதை உறுதிப்படுத்தின. அறுவை சிகிச்சை வேண்டாமென்று ஐன்ஸ்டைனைப்போலவே மறுத்தார். அந்த வயதில் அதன் விளைவு என்னவாகும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்? சில வாரங்களில் நினைவு தப்பிற்று. அவரது மனைவி அறுவையைச் செய்யுமாறு கேட்டார். மயக்க மருந்து கொடுக்கச் சிலர் முன்வரவில்லை. மருத்துவமனையின் அறநெறிக் குழு இரவில் கூடி விவாதித்தது. 2006 பிப்ரவரியில் அவருடன் பல்லாண்டு பணியாற்றிய ஜார்ஜ் நூன், பிளந்த பகுதியை அகற்றி டேக்ரான் குழாயைப் பொருத்தினார். சுமார் ஏழு மணி நேரம் ஆயிற்று. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த டிபேக்கி எழுந்து நடமாடினார். தம் சொல்லை மீறிச் செய்தது சரியே என்று மருத்துவர்களிடம் சொன்னார். 2008 ஜூலை 11 அன்று, நூறு வயது நிறைய இரண்டு மாதங்களுக்கும் குறைவாகவே இருக்கும்போது காலமானார்.